தந்தி சொன்ன வால்மீன்

செஞ்சி மலைக்கோட்டையில் நின்று கார்த்திகை விடியலில் தென்கிழக்கே நோக்குவோர் காணும் சென்டாரஸ் விண்மீன் கூட்டத்தை நோக்கி, 1872-இல் ஒரு தந்தி சென்னையைத் திருப்பியது. அவ்வாண்டு நவம்பர் 27 இரவு ஐரோப்பிய வானில் எரிமீன்கள் மழையெனப் பொழிந்தன. காணாமற்போன பீலா வால்மீனே புவியைத் தொட்டுச் சென்றதெனக் கருதினார் ஜெர்மனியின் கிளிங்கர்ஃபூஸ். தீட்டா சென்டாரி அருகே தேடுமாறு சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனுக்குத் தந்தியடித்தார்.

முதலில் மேகம் மறைத்தது. டிசம்பர் 3, 4 விடியல்களில் போக்சன் அங்கே மெய்யாகவே ஒரு வால்மீனைக் கண்டார்! மீண்டும் மேகம். பாதையைக் கணிக்க மூன்று காட்சிகள் வேண்டும், கிடைத்தவை இரண்டே. அது பீலா அன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தவறான முகவரியில் தட்டியும் யாரோ கதவைத் திறந்தது போலத்தான். அவ்வால்மீனை அதன்பின் எவரும் அடையாளங் கண்டிலர்.