ஓய்வறைக்கு ஒரு தாழ்ப்பாள்

சிங்கப்பெருமாள் கோவில் கூட்டுச்சாலையில் விடியும்போதே கூட்டம் சேர்ந்துவிடும். ஒரகடம் கம்பெனி பஸ்களிலிருந்து இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் இறங்குவார்கள், பகல் ஷிப்ட் பெண்கள் ஏறுவார்கள். ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருப்பவர்களில் மருத்துவம் படிக்கும் பெண்களும் உண்டு. 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு இங்கிருந்து இரண்டே நிலையம்.

பஸ்ஸில் ஏறுகிற பெண்ணுக்கு ஷிப்ட் எப்போது முடியும் என்று தெரியும். ஹவுஸ் சர்ஜனாகவோ பட்டமேற்படிப்பு மாணவியாகவோ வார்டுக்குள் போகிறவளுக்குப் பல நாட்களில் அது தெரியாது. இருவரும் உழைக்கிறார்கள், இருவரும் இரவில் விழித்திருக்கிறார்கள். ஒருத்தியைச் சட்டம் தொழிலாளி என்கிறது, மற்றவளை மாணவி என்கிறது. இந்த ஒரு சொல் வேறுபாட்டுக்குள் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப் பின்னாளில் திருவல்லிக்கேணியில் பெண்களுக்கான மருத்துவமனை உருவாகக் காரணமானவர். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். 1882இல் வங்காளத்திலிருந்து அபலா தாஸ் மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் கதவு அப்போது பெண்களுக்குத் திறக்கவில்லை. கல்கத்தாவையும் சென்னையையும் இணைக்கும் இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

புதுக்கோட்டையிலிருந்து வந்து 1907இல் அதே சென்னைக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912இல் பட்டம் பெற்று எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சட்டமன்றத்தையும், தேவதாசி முறை ஒழிப்பையும், 1954இல் அவர் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையையும் சொல்வார்கள். அந்த முதல் ஹவுஸ் சர்ஜன் எங்கே தூங்கினார், எங்கே உடை மாற்றினார் என்று நாம் கேட்டதில்லை. முதல் பெண்ணைக் கொண்டாடுவது எளிது. அவர் நுழைந்த கட்டடம் யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்பதுதான் கடினம்.

விடை 'ரெசிடெண்ட்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. குடியிருப்பவர் என்று பொருள். 1889இல் அமெரிக்காவில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் உருவாக்கிய பயிற்சி முறையில், இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே குடியிருந்தார். கல்யாணம், குடும்பம் எல்லாம் பிறகுதான். சோறாக்கவும் துணி துவைக்கவும் பிள்ளை வளர்க்கவும் வேறு யாரோ இருப்பார்கள் என்பது இந்த முறையின் பேசப்படாத நிபந்தனை. அதே ஹாப்கின்ஸின் மருத்துவக் கல்லூரி 1893இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பெண்களைச் சேர்த்தால்தான் பணம் என்று மேரி காரெட் என்ற பெண் நிபந்தனை விதித்திருந்தார். கதவு திறந்தது. உள்ளே இருந்த கடிகாரம் மட்டும் மாறவில்லை. உலகெங்கும் பரவியது அந்தக் கடிகாரம்தான்.

அதை நிறுத்தக் கேட்டவர்கள் பெரும்பாலும் இளம் மருத்துவர்களே. நம் நாட்டில் 1992 ஜூன் 5 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட ரெசிடென்சி திட்டம், இளநிலை ரெசிடெண்டுகள் சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரமும், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மிகாமலும் பணிபுரிய வேண்டும் என்றது. ஆனால் 'சாதாரணமாக' என்ற சொல்லுக்குள் 36 மணி நேர டூட்டியும் புகுந்துகொண்டது. 32 ஆண்டுகள் கழித்து, 2024இல், தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 48 என்று எழுதிய நாட்டில் 74 என்பதே நிவாரணமாகத் தெரிந்தது.

தொழிற்சாலையைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் இருந்தால் குழந்தைக் காப்பகம் என்றும் எழுதியது. கூடவே இரவு வேலையிலிருந்து பெண்களை விலக்கியும் வைத்தது. அந்த இரவுத் தடையை 2000இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை போன்ற நிபந்தனைகளோடு இரவு வேலைக்கு அனுமதித்தது. அதாவது, பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதைவிட இரவைச் சரிசெய்யச் சொன்னது.

மருத்துவமனைக்கு இதை யாரும் கட்டாயமாக்கவில்லை. 2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், காவல்துறை சிகிச்சைக்கு அழைத்துவந்த ஒருவரால் ஹவுஸ் சர்ஜன் வந்தனா தாஸ் குத்திக் கொல்லப்பட்டார். 2024 ஆகஸ்ட் 9 அன்று கல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், டூட்டிக்கிடையே ஓய்வெடுக்கக் கருத்தரங்கு அறைக்குப் போன முதுநிலை மாணவி வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஒரு மருத்துவர் தூங்கக் கருத்தரங்கு அறைக்குப் போக வேண்டியிருந்தது என்ற செய்தியே ஒரு குற்றப்பத்திரிகைதான்.

ஆகஸ்ட் 14 நள்ளிரவில் வங்கத்துப் பெண்கள் இரவை மீட்போம் என்று தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பின் மாநில அரசு வெளியிட்ட பாதுகாப்புத் திட்டத்தில், இயன்றவரை பெண்களுக்கு இரவுப் பணி தரவேண்டாம் என்றொரு வரி இருந்தது. பெண்ணுக்குத் தேவை சலுகை அல்ல, பாதுகாப்பு என்று உச்சநீதிமன்றம் செப்டம்பரில் அதைக் கண்டித்தது. அரசு அந்த வரியை நீக்கிக்கொண்டது. அந்த வரி நின்றிருந்தால்? பிரசவம் பகலில் மட்டும் நடப்பதில்லை. இரவு டூட்டி இல்லாதவள் அவசர சிகிச்சையைக் கற்றுக்கொள்ள மாட்டாள். அதைக் கற்காதவளுக்குப் பெரிய பொறுப்புகளும் வராது. பாதுகாப்பு என்ற பெயரில் 1882இன் கல்கத்தாக் கதவு மறுபடி மூடியிருக்கும்.

அக்டோபர் 5 அன்று இளம் மருத்துவர்கள் கல்கத்தாவின் தர்மதலாவில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அக்டோபர் 21 அன்று முதலமைச்சருடன் பேசியபின் அதை முடித்துக்கொண்டார்கள். இறந்த தோழிக்கு நீதி என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. மருத்துவர்களுக்கு ஓய்வறை, கழிப்பறை, காலிப் படுக்கைகளைக் காட்டும் பலகை, கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் என்று பட்டியலிட்டார்கள். படுக்கைப் பலகை நோயாளிக்கானது. இடம் தேடி அலைந்த உறவினரின் கோபம் முதலில் விழுவது டூட்டியில் நிற்கும் இளையவர்மேல்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் கண்ணில் மிக முக்கியமாகப் படுவது தேர்தல் கோரிக்கை. பயிற்சியில் இருப்பவளின் தேர்ச்சி, சான்றிதழ், அறுவை அரங்கில் கிடைக்கும் வாய்ப்பு எல்லாம் மேலே இருப்பவர் கையில் இருக்கின்றன. தனியாகப் புகார் சொன்னால் அவள் பிரச்சினைக்காரி. நூறு பேர் தேர்ந்தெடுத்த ஒருத்தி அதையே சொன்னால் அது கூட்டத்தின் குறிப்பேட்டில் ஏறும். ஆனால் பிரதிநிதியாக நிற்கவும் நேரம் வேண்டும். டூட்டியும் வீடும் சேர்ந்து விழுங்கிய பெண்ணுக்கு அந்த நேரம் யார் தருவார்கள்? பெண்கள் இவ்வளவு பேர் படிக்கும் துறையில் மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் விடுதிச் சாப்பாட்டால் உடன் வேலை செய்பவர்கள் நோயுற்றபோது, தொழிற்சாலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதும் சாப்பாடும் படுக்க நல்ல இடமும்தான். கம்பெனி பஸ்ஸில் போகிறவளும் செங்கல்பட்டு வண்டியில் போகிறவளும் ஒருவரையொருவர் தெரியாமல் ஒரே கோரிக்கையை எழுதியிருக்கிறார்கள். உள்ளிருந்து தாழிடக்கூடிய ஓர் அறை, முடிவு தெரிந்த ஒரு ஷிப்ட், தங்களில் ஒருத்தி போய்ப் பேச ஒரு நாற்காலி. இதை அடுத்த முறை எழுதும்போது இருவரும் சேர்ந்து எழுதலாம்.