ஜிலேபிக் கெண்டை வந்த கதை

கீழே தொட்டியில மீன், மேலே கீரை. அக்வாபோனிக்ஸ் ஆரம்பிச்சப்ப நம்ம குளத்து ஜிலேபிக் கெண்டையே போதும்னு நெனச்சேன். அது நம்ம மீனே இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து திலேப்பியா அது. மலிவான உணவு மீன் என்று 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தாய்மீன் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும். இரண்டு மூன்று மாதத்தில் குஞ்சும் இனப்பெருக்கத்துக்குத் தயார். அதுவே வினையானது. குளம் நிறைய மீன், ஆனால் ஒன்றும் பெருக்கவில்லை. 1959-ல் மேற்கொண்டு பரப்பத் தடை போட்டார்கள். அதற்குள் ஏரி, கண்மாயெல்லாம் பரவிவிட்டது.

என் தொட்டியிலும் அதே கதைதான். குஞ்சு பெருகி, அம்மோனியா ஏறி, ஒரே ராத்திரியில பாதி மீன் மிதந்துச்சு.

இப்போ பனையேறிக் கெண்டை விட்டிருக்கேன். காற்றையும் சுவாசிக்கும், கரண்ட் போய் மோட்டார் நின்னாலும் தாங்கும். துள்ளி வெளியேறும், மேலே வலை கட்டணும். மீன் கழிவை பாக்டீரியா நைட்ரேட்டா மாத்தித் தர்றது அரைக்கீரைக்கும் புதினாவுக்கும் போதும். தக்காளிக்குப் பொட்டாசியம் தனியா வேணும்.

மாடியில தொட்டி வைக்கிறவங்களுக்கு ஒண்ணு: மிஞ்சின திலேப்பியாவைப் பாவம்னு ஏரியில விட்றாதீங்க. குழம்பு வச்சிடுங்க.