ஓர் எழுதுவினைஞரின் வழக்கு

அரசாங்க உத்தியோகத்தை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் வயிற்றிலடித்த சட்டமாயிற்று. சத்தியாக்கிரகங்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அச்சட்டத்தை நீதிமன்றில் நிறுத்திய எழுதுவினைஞரையோ மறந்துவிட்டோம்.

கேகாலைக் கச்சேரியிற் பணியாற்றிய செ. கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவே அவருக்குத் துணை. ஒரு சமூகத்தார்க்கு மட்டும் இடர் விளைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது, இயற்றினும் செல்லாது என்பது அப்பிரிவின் சாரம். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி, மொழிச் சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தார். அரச ஊழியர் சம்பளத்திற்காக வழக்காட முடியாதெனக் கூறி, 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் அக்கூற்றை நிராகரித்து, சட்டம் செல்லுமா என்ற மூலவினாவை இலங்கை நீதிமன்றுக்கே திருப்பி அனுப்பியது.

அவ்வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. 1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவு இல்லை. அடிப்படை உரிமைகள் எழுதப்பட்டன. நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் வினவலாகாதென்பதும் உடனெழுதப்பட்டது. அந்த யாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. ஒருமொழிக் கொள்கை நாட்டை இரண்டாக்கும் என்று முன்னர் எச்சரித்த அதே இடதுசாரித் தலைவர்!

மக்கள் இறைமைக்கு நீதிபதிகள் தடையாகலாமோ என்று இடதுசாரிகள் கேட்டனர். அக்கேள்வி வெறும் சாக்கன்று. 29ஆம் பிரிவும் முழுமையான வேலியன்று. மலையகத் தொழிலாளரின் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிபோனபோது, 1953இல் அது அவர்களைக் காக்கத் தவறியது. ஓட்டையுள்ள வேலியை அடைப்பதா, பிடுங்கி எறிவதா? இன்றைய பெரும்பான்மை வேறு, மக்கள் வேறு. பெரும்பான்மையைத் தனியொரு எழுதுவினைஞர் நிறுத்திக் கேட்க வழியிருத்தலே உரிமை என்பதன் பொருள்.

நிறைவேறிய சட்டத்தை வினவ முடியாதென்ற விதியை 1978ஆம் ஆண்டு யாப்பும் கைவிடவில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், வழக்கின்றிப் பதினெட்டு மாதம்வரை ஒருவரைத் தடுத்துவைக்க இடமளித்தது. தமிழ் இளைஞரை நோக்கி ஏவப்பட்ட அச்சட்டம் பின்னர் தெற்கின் சிங்கள இளைஞரையும் விட்டுவைக்கவில்லை. அயலவனுக்கெதிராகப் பிடுங்கப்பட்ட வேலி நம் வளவுக்கும் வேலியன்றோ? அதிகாரம் தம் கையிலிருக்கும்போதே அதற்கு எல்லை கட்ட ஒப்புவோரையே இனி நாம் முற்போக்காளர் என அழைப்போம்.