கயிறு மாறிய குதிரைகள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வருவோர்க்கு நகரின் வாயிலாக விளங்குவது கரமனை. ஆற்றங்கரையை ஒட்டிய அக்கிரகாரத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் ஒலித்து வருகிறது. வேற்று மொழி வழங்கும் நாட்டில் குடியேறி, வீட்டுக்குள் தாய்மொழியைக் காத்து வாழும் நேயர்கள், இவ்வூரைக் கண்டதில்லையாயினும் இதன் இயல்பை எளிதில் உணர்வர்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு மூன்று தெய்வங்கள் இவ்வழியே வருகின்றன. பத்மநாபபுரத்துக் கலைமகள், வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் குமரி மாவட்டத்திலிருந்து புறப்பட்டுக் கால்நடையாகவே வரும் ஊர்வலத்துடன் திருவனந்தபுரம் சேர்கின்றனர். சுவாதித் திருநாள் மன்னர் காலம் முதல் நடந்துவரும் வழக்கம் என்று இதனைக் கூறுவர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின், களியக்காவிளை எல்லையில் தமிழகக் காவலர் வழியனுப்ப, கேரளக் காவலர் மரியாதையுடன் ஏற்றுக்கொள்கின்றனர். கரமனைக்கு வந்ததும் ஒரு மாற்றம். அதுவரை பல்லக்கில் வந்த குமாரசுவாமி இங்கே வெள்ளிக் குதிரையின்மீது எழுந்தருளி நகருக்குள் செல்கிறார்.

கோட்டைக்குள்ளே வேறு குதிரைகளும் உண்டு. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் கட்டிய புத்தன் மாளிகையின் இறவாரத்தைத் தாங்குவனபோல் 122 மரக்குதிரைகள் செதுக்கப்பட்டுள்ளன. மக்கள் அதனைக் குதிரைமாளிகை என்றே அழைப்பர். வெள்ளிக் குதிரைக்குத் தீனி வேண்டுவதில்லை. மரக்குதிரைக்கு லாடம் வேண்டுவதில்லை. உயிருள்ள குதிரையின் செய்தி வேறு. ஈரம் மிகுந்த இத்தென்கோடிக்கு அது இயல்பான விலங்கன்று. கடல் கடந்து குடிவந்தது. அது கைமாறிய கதையையே ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

புகார்த் துறையில் கப்பலிலிருந்து குதிரைகள் இறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. பிற்காலத்தில் அவ்வாணிகம் பெருகிற்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஓர்முசு, கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளுடன் வரும் மரக்கலங்கள் யாவும் தாமிரபரணியின் கழிமுகத்திலிருந்த காயலில் தங்கும் என எழுதினார். மன்னர் ஆண்டொன்றுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார் என்றும், அவருடைய உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்றும் அவர் குறிக்கிறார். எண்களில் பயணிகளுக்கு இயல்பான மிகை இருக்கலாம். ஆனால் அவர் கூறும் காரணம் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. குதிரையைப் பேணத் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லை. அத்தகையோர் இங்கு வந்து சேராதபடி வணிகர்களே தடுத்தனர். ஏனெனில் குதிரை இறந்தால்தான் அடுத்த ஆண்டும் வாணிகம் நடைபெறும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இவ்விடத்தில் சிறிது தயங்கி நிற்க நேர்ந்தது. குதிரைக்கு மருந்து கொடுப்பவனையும் லாடம் அடிப்பவனையும் இத்தாலிய மொழி நெடுங்காலம் ஒரே சொல்லால் குறித்து வந்தது. தமிழில் மருத்துவன் என்றால் லாடம் விடுபடும். லாடக்காரன் என்றால் மருந்து விடுபடும். இரு சொற்களையும் சேர்த்தே எழுத வேண்டியதாயிற்று.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் இன்னொரு செய்தியைத் தருகிறார். கீஷ் தீவின் தலைவர் ஜமாலுதீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்புவதாக ஒப்பந்தம். ஒன்றன் விலை 220 பொன் தினார். கடலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுத்தாக வேண்டும்! விசயநகர வரலாற்றை எழுதிய போர்த்துகீசியர் நூனிஸ், சாளுவ நரசிம்மர் காலத்து வழக்கமொன்றைக் குறிப்பிடுகிறார். வழியில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொணர்ந்து காட்டினாலும் அதற்கு உயிர்க்குதிரையின் விலையே கிடைத்ததாம். இத்தகைய ஏற்பாட்டில், குதிரை உயிரோடு கரை சேர வேண்டும் என்ற கவலை விற்பவனுக்கு எங்கிருந்து வரும்?

விற்றவனின் பொறுப்பு எவ்விடத்தில் முடிகிறது என்ற கேள்வியைத் தமிழர் அறியாதவரல்லர். மாணிக்கவாசகர் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். குதிரை வாங்கக் கொண்டுபோன பொன் பெருந்துறையிலே, இன்றைய ஆவுடையார்கோவிலிலே, இறைபணியில் செலவாகிவிட்டது. இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் குதிரைச் சேவகனாக மதுரைக்கு வருகிறான். அங்கே முதலில் நடப்பது விலை பேசுதலன்று; கயிறு மாறுதல். குதிரையைப் பிணித்த கயிற்றை விற்பவன் கையிலிருந்து வாங்குபவன் கைக்கு மாற்றிவிட்டால், பின்பு நேர்வதற்கு விற்றவன் பொறுப்பல்லன் என்பது குதிரை வாணிகத்தின் முறை. அன்றிரவே பரிகள் நரிகளாகி லாயத்தில் ஊளையிடுகின்றன. பாண்டியன் யாரிடம் சென்று முறையிடுவது? திருவிளையாடலைப் பக்தியுடன் கேட்டு வந்த நாம், அதனுள் ஒரு வாணிக ஒழுங்கும் பதிவாகியிருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

குதிரைகள் அவ்வாறு மாண்டதற்கு மக்களின் அறியாமை ஒன்றையே காரணமாகக் கூறுவது நேர்மையாகாது. இறைச்சியும் சோறும் சமைத்து ஊட்டினர் என்கிறார் மார்க்கோ போலோ. வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயில் பக்குவம் செய்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்தனர் என்கிறார் வசாஃப். இவை புல் தின்னும் விலங்குக்கு ஒவ்வா உணவுகளே. ஆயினும் விலையுயர்ந்த விருந்தினருக்கு நம் வீட்டில் உள்ளதில் சிறந்ததைப் படைக்கும் மனம் அதில் தெரிகிறது. எஞ்சிய காரணங்கள் யாருடைய கண்ணுக்கும் புலப்படாதவை. பஞ்சாபில் பணியாற்றிய கிரிஃபித் ஈவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர், குதிரைகளையும் ஒட்டகங்களையும் மெலிவித்துக் கொல்லும் சர்ரா நோய்க்கு இரத்தத்தில் நெளியும் ஒரு நுண்ணுயிரே காரணம் என்று கண்டது 1880-இல்தான். குதிரையைக் கடிக்கும் ஈக்களே அதனைப் பரப்புகின்றன. வேறொரு கோளாறும் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டுக்கு வந்த குதிரைகள் சிலவற்றுக்கு வேர்வை சுரப்பது நின்றுவிடும். வேர்வையாலேயே உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் விலங்குக்கு வேர்வை வற்றினால் என்ன ஆகும்? சிறிது தூரம் ஓடியதும் மேல்மூச்சு வாங்கி நிற்கும். இவற்றையறியாத அக்காலத்தவர், குதிரை சோம்பிவிட்டது என்றே கருதியிருப்பர்.

கற்றவர் இல்லாமலும் போகவில்லை. பாண்டவருள் நகுலன் விராடன் அரண்மனையில் குதிரை காத்தவன். அவன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் வண்ணப் படங்களுடன் வெளியிட்டுள்ளது. ஆயினும் நூலறிவைக் காட்டிலும் லாயத்தில் படுத்துறங்கிய சேவகனின் கையறிவே குதிரையைக் காத்தது என்பது நம் கருத்து. சாணத்தின் நிறத்தையும் குளம்பின் சூட்டையும் கண்டு நோயறிந்தவன் அவன். அவன் ஊட்டியது கொள்ளு. நாஞ்சில் நாட்டார் அதனைக் காணம் என்பர். பழந்தமிழில் காணம் பொற்காசுக்கும் பெயர். காணம் கொடுத்து வாங்கிய குதிரையைக் காணம் கொடுத்தே வளர்த்தனர்! குதிரை வீரன் என்னும் பொருளுடைய ராவுத்தன் என்ற பெயரும் இவ்வாறே தமிழில் நிலைத்தது. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே அப்பெயரால் அழைத்தார். அந்த முருகன்தான் கரமனையில் குதிரையேறுகிறான்.

திருவிதாங்கூர் மன்னரின் மெய்க்காவல் குதிரைப்படையின் வழிவந்தது இன்றைய கேரளக் காவல்துறையின் அசுவாரூட சேனை. பத்மநாபசுவாமி கோவிலின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும்போது இக்குதிரைகளைக் காணலாம். செண்டையும் நாகசுரமும் முழங்கும் கூட்டத்தினிடையே ஒரு குதிரை அமைதியாக நடப்பது எளிதில் வாய்ப்பதன்று. அச்சமே குதிரையின் பாதுகாப்பு. ஓட்டமே அதன் படைக்கலம். மூக்குக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் உள்ளது அதற்குத் தெரியாது. ஆகவே பழக்குவோர் தோள்பக்கமாகவே அணுகுவர். முதலில் தொலைவில் மேளம். பின்பு சற்று அருகில். பழகிய மூத்த குதிரையொன்று பக்கத்தில். கடிவாளத்தை இழுப்பதைவிட, குதிரை இணங்கிய அக்கணமே தளர்த்துவதில்தான் பயிற்சியின் நுட்பம் இருக்கிறது. தளர்வே அதற்குப் பரிசு. அடித்துப் பழக்கிய குதிரை, அடிப்பவன் இல்லாத நாளில் என்ன செய்யும் என்று எவராலும் சொல்ல இயலாது.

இனி, உழைத்து முதிர்ந்த குதிரையின் கயிறு யாருக்கு மாறுகிறது?

19-ஆம் நூற்றாண்டில் அரபுக் குதிரைகளின் இடத்தை ஆஸ்திரேலியக் குதிரைகள் பிடித்தன. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்தமையால் அவற்றுக்கு வேலர் என்று பெயர். இந்தியப் படைக்காக அவை சென்னைத் துறையிலும் இறங்கின. முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியா அனுப்பிய குதிரைகள் ஏறக்குறைய 1,36,000. தாயகம் திரும்பியது ஒன்றே. தளபதி பிரிட்ஜஸின் சாண்டி என்னும் குதிரை. நோய் பரவும் என்ற அச்சமும் கப்பற் செலவும் மற்றவற்றைத் தடுத்தன. முதிர்ந்தவை சுடப்பட்டன, எஞ்சியவற்றுள் பல இந்தியப் படைக்கு மாற்றப்பட்டன. ஆங்கிலேயப் படை எகிப்தில் விற்றுவிட்டுப் போன குதிரைகளோ கெய்ரோ நகரத்தில் வண்டியிழுத்தும் கல் சுமந்தும் தேய்ந்தன. 1930-இல் கணவருடன் அங்கு வந்த டாரதி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணி, குருடாகியும் நொண்டியாகியும் கிடந்த அவற்றைக் கண்டு மனம் பொறாது, 1931-இல் லண்டன் நாளிதழொன்றுக்குக் கடிதம் எழுதினார். வந்து குவிந்த பணத்தால் ஏறக்குறைய 5,000 குதிரைகளை விலைகொடுத்து மீட்டார். பெரும்பாலானவை மீளும் நிலையைக் கடந்திருந்தன. வயிறார உண்டு, மெத்தென்ற வைக்கோலில் படுத்து, அவை வலியின்றி இறக்க ஏற்பாடு செய்தார். இதனைக் கருணை என்பதா, காலங்கடந்த நீதி என்பதா என்று நமக்குத் துணியக் கூடவில்லை. 1934-இல் அந்நகரில் அவர் நிறுவிய குதிரை மருத்துவமனை, ஏழை வண்டிக்காரரின் விலங்குகளுக்கும் கட்டணமின்றி மருத்துவம் செய்தது.

நம் நாட்டில் இப்பொறுப்பைச் சட்டமாக்கப் போராடியவர் ஒரு தமிழ்ப் பெண்மணியே. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூறியபின் அதனைத் திரும்பப் பெற்றார். 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் சென்னையில் தொடங்கிய விலங்கு நல வாரியத்துக்கு அவரே தலைவரானார். பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் அச்சட்டப்படி குற்றம்.

சட்டம் இருந்தும் இடர் தீரவில்லை. குதிரையின் ஆயுள் 25 ஆண்டுகளுக்கு மேலும் நீளும். பந்தயத்தில் அது ஓடுவதோ சில ஆண்டுகளே. பின்பு கயிறு மாறுகிறது. குதிரையேற்றப் பள்ளிக்கு, திருமண ஊர்வலத்துக்கு, கடற்கரையில் குழந்தைகளை ஏற்றும் தொழிலுக்கு. ஒவ்வொரு மாற்றத்திலும் வாங்குபவனின் வசதி குறைகிறது. குதிரையின் வயிறோ குறைவதில்லை. வாங்குமுன் கேட்க வேண்டியவை சில. பல்லைப் பார்த்து வயதறிவதோடு நில்லாது, குளம்பு, கண், மூச்சு மூன்றையும் மருத்துவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். வீட்டில் இடம் உண்டா என்பதைவிட, அன்றாடம் புல்லுக்கும், ஆறேழு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு செதுக்கவும் பணம் உண்டா என்பதே முதற்கேள்வி. கூட்டமாக வாழும் விலங்காதலால் தனியே கட்டினால் ஏங்கும். துணைக்கு ஓர் ஆடேனும் வேண்டும்.

தீனியைத் திடீரென மாற்றலாகாது. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஒவ்வாதது உள்ளே சென்றால் சூலைநோயாகி உயிரையே வாங்கிவிடும். ஆகவே பொறுப்புள்ளவர்கள் குதிரையை அழைத்துச் செல்லும்போது, அது இதுவரை தின்ற கொள்ளிலும் வைக்கோலிலும் ஒரு மூட்டை கட்டித் தருமாறு பழைய லாயத்தாரைக் கேட்டு வாங்குவர். முதல் நாள் அதை மட்டுமே வைப்பர். மறுநாள் முதல் புதிய ஊரின் தீனியை ஒரு பிடி, இரண்டு பிடி என்று கூட்டி, பத்து நாட்களில் அம்மூட்டை தீரும்படி பார்த்துக்கொள்வர்.