பையில் ஓர் அட்டை

ஜப்பானில் வசிக்கும் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் தெருவில் இறங்கினால் வசிப்பு அட்டை பையில் இருக்க வேண்டும். காவலர் கேட்டால் காட்டியாக வேண்டும். அண்மைக்காலத்தில் குடியேற்றம் பெருகியதால் வந்த விதி இது என்று நினைக்கத் தோன்றும். வரலாறு வேறு சொல்கிறது. இந்த விதியின் வேரான அந்நியர் பதிவு ஆணை பிறந்தது 1947 மே 2 அன்று, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வர ஒரே நாள் இருக்கும்போது. அதில் ‘அந்நியர்’ எனப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் ஜப்பானியக் காலனிக் காலத்தில் வந்த கொரியர்கள். சட்டப்படி அன்றும் அவர்கள் ஜப்பானியக் குடிகளே! 1952 ஏப்ரல் 28இல் அந்தக் குடியுரிமையும் போயிற்று. அதே நாளில் அந்நியர் பதிவுச் சட்டம் வந்தது. 1955 முதல் விரல்ரேகையும் சேர்ந்தது. நகராட்சி அலுவலகத்தில் இடது சுட்டுவிரலில் கறுப்பு மை தடவி, காகிதத்தில் உருட்டி எடுப்பார்கள்.

எந்த நாடுதான் வெளிநாட்டவரைப் பதிவு செய்வதில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கேயே பிறந்து, அந்த மொழியிலேயே படித்து வளர்ந்த பிள்ளையும் குறிப்பிட்ட வயது வந்ததும் விரலை நீட்ட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஜப்பானியரிடம் குற்றச்சாட்டு இல்லாமல் யாரும் ரேகை கேட்கவில்லை. 1980இல் டோக்கியோவில் ஹான் ஜொங்-சொக் என்ற கொரியர் ரேகை தர மறுத்தார். மறுப்பு ஆயிரக்கணக்கானோரிடம் பரவியது. நிரந்தரவாசிகளுக்கு 1993இலும் மற்றவர்களுக்கு 2000இலும் ரேகைப் பதிவு நீங்கியது. ஆனால் 2007இல் விமான நிலையங்களில் அது திரும்பியது. பழைய காலனிக் குடிகளின் வழிவந்த சிறப்பு நிரந்தரவாசிகளுக்கு விலக்கு உண்டு. அந்நியர் பதிவு தனியாக இருந்ததால், 2012 வரை பொதுவான குடியிருப்போர் பதிவேட்டில் வெளிநாட்டவருக்கு இடமே இல்லை. வெளிநாட்டவரை மணந்த ஜப்பானியர் அதில் பெரும்பாலும் துணையில்லாதவர் போலவே தெரிந்தார்.