பிரதியும் மீட்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மூலம் அழிந்தவிடத்து அதன் பயனைத் தருவது பிரதி. ஆயினும், பிரதி என்று பெயர்பெற்ற யாவும் அப்பயனைத் தருவனவல்ல. அது மூலத்தினின்றும் எவ்வளவு தொலைவில் வைக்கப்பட்டது, எக்காலத்தில் எடுக்கப்பட்டது என்னும் இரண்டினையும் பொறுத்தே மீட்பு அமைகின்றது. பனையோலைக் காலந்தொட்டுக் கணினிக் காலம்வரை இந்நிலை மாறிற்றில்லை என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

செல்லும் ஈரமும் மிகுந்த நம் நாடுகளில் ஓலைச்சுவடி நெடுங்காலம் நிலைப்பதன்று. ஆதலின், பழுதுற்ற ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதி வைத்தல் நம் முன்னோர் மரபாயிற்று. அங்ஙனம் எழுதப்பெற்ற படிகள் மடங்களிலும் புலவர் இல்லங்களிலும், ஊர்தோறும் சிதறிக் கிடந்தன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, பல இடங்களினின்றும் ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கியே பதிப்பித்தார். ஓரேட்டிற் சிதைந்ததனை மற்றோரேடு நல்குதலே சுவடிப் பதிப்பின் உயிர்நிலை. பாடபேதம் என்று மாணாக்கர் சலித்துக்கொள்வது, உண்மையில் அப்பிரதிகள் ஒன்றையொன்று சாராது தனித்தனியே வாழ்ந்தமைக்குச் சான்றாகும்.

இதற்கு மாறாக, பிறர் கையிலிருந்த ஒற்றைப் பதிவை நம்பி வாழ்ந்தோர் வரலாறும் உண்டு. அது எஹலியகொடவைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு அயலதன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஆம் ஆண்டு சனவரி 1 க்கு முன்னர், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. எதனைக்கொண்டு நிறுவுவது? தொழிலாளியின் பெயர் நாள்தோறும் ஏறிய செக்ரோல், துரையின் அலுவலகத்தில் இருந்தது. 1921 இல் ஒழிக்கப்பட்ட துண்டுமுறைக் காலத்திலும், ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் பெயர்த்த சீட்டு அவன் ஆளுகைக்கு உட்பட்டதாய் இருந்ததில்லை. தன் வாழ்வைப் பற்றிய எழுத்தின் படியொன்று அவனுடைய லயத்துக் காம்பிராவில் இருந்ததில்லை என்பதே இங்குக் கருதற்பாலது. விண்ணப்பங்கள் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கின. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. இதற்கு அரசியல் நோக்கே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், அந்நோக்கு நிறைவேறுதற்கு வாயிலாய் அமைந்தது ஆவணமின்மை.

1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அச்சேறிப் பல கைகளிற் பரவியிருந்த யாழ்ப்பாண வைபவமாலை போன்றவை பிற இடங்களில் எஞ்சின. அங்கு மட்டுமே இருந்த சுவடிகள் எஞ்சவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களை மின்வடிவாக்கிப் பலரும் படியெடுக்குமாறு பொதுவில் வைத்தமை இவ்விழப்பின் பின்னணியில் நோக்கத்தக்கது.

மின்வடிவம் என்றதும் இடர் நீங்கிற்று என்று கருதுவோர் பலர். வலைப்பின்னல்வழிப் பலரும் பயன்படுத்தும் பொதுச் சேமிப்பகங்களில் 'ஸ்னாப்ஷாட்' என்றொரு முறை உண்டு. 1992 இல் நெட்ஆப் நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் ஆகிய மூவரும் 1994 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதனை விளக்கினர். எழுதிய பக்கத்தை ஒருபோதும் அழிக்காத கணக்கப்பிள்ளை ஒருவரை எண்ணிக்கொள்க. திருத்தம் வேண்டின், அவர் புதுப்பக்கத்தில் எழுதிப் பொருளடக்கத்தை மட்டும் மாற்றுகின்றார். பழைய பொருளடக்கத்தையும் பேணிவைப்பின், அன்றைய பேரேடு முழுவதும் மீண்டும் கண்முன் நிற்கும். மாறாத பக்கங்கள் இரு நிலைக்கும் பொதுவாதலின், இப்படி சில நொடிகளில் அமைவது. தொடக்கத்தில் இடமும் மிகக் கொள்ளாதது. காலையில் தவறி அழித்த கோப்பை மாலையில் மீட்டற்கு இது மிக எளிய வழி. ஆயினும் பேரேடே எரிந்தால், பழைய பொருளடக்கம் எதனைச் சுட்டும்? பொதுப்பக்கங்கள் அனைத்தும் ஒரே பெட்டியில் இருத்தலின், பெட்டியோடு ஸ்னாப்ஷாட்டும் அழியும். அதன் ஆளுகைக் கடவுச்சொல்லைத் திருடியவன் பழைய படிகளையும் துடைத்தெறியக் கூடும். ஆதலினாலேயே வேறோரிடத்தில், வலைப்பின்னலோடு தொடர்பறுத்த தனிப்பிரதியும் வேண்டும் என்பர் இத்துறையோர். அப்பிரதியிலிருந்து உண்மையாகவே மீட்டுப் பார்க்கும் ஒத்திகையும் இன்றியமையாதது. பலர் கைவிடுவது இவ்வொத்திகையையே.

நம் நாட்டில் இது பாடநூற் செய்தியாய் நின்றுவிடவில்லை. 2023 ஆகஸ்ட் மாதத்தில், கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கோரும் தீய செயலியொன்று இலங்கை அரசின் மேகக் கணினித் தொகுதியைத் தாக்கிற்று. அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அங்கு இயங்கிய மின்னஞ்சல் மென்பொருள் காலங்கடந்த பதிப்பு. பணமின்மையாற் புதுப்பித்தல் தள்ளிப்போயிற்று என்று விளக்கம் கூறப்பட்டது. தொகுதி அரைநாளளவில் மீண்டும் இயங்கியது. ஆனால், மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையுள்ள காலத்துக்குப் பிரதியில்லை. நூறு நாட்களுக்கு மேற்பட்ட அரசாங்கக் கடிதப் போக்குவரத்து இவ்வாறு மறைந்தது. இயந்திரத்தை மீட்டல் வேறு, அதனுள் இருந்ததை மீட்டல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இதன்பின், தொடர்பறுத்த பிரதியை நாள்தோறும் எடுக்க ஏற்பாடு செய்யப்படுவதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அறிவித்தது. இடையில் மறைந்த அக்கடிதங்களைப் பெறவேண்டின், அத்தொகுதிக்குப் புறத்தேயிருந்து அவற்றை எழுதியோரிடமும் பெற்றோரிடமும், தாமோதரம்பிள்ளை ஏடு தேடியவாறே, ஒவ்வொன்றாகக் கேட்டுத் திரட்டுதலன்றி வேறு வழியில்லை.