இருதய சுத்தமும் ஆலய வாசலும்: மத்தேயு 5:8க்கு ஒரு மறுவாசிப்பு

மலைப்பிரசங்கத்தின் ஆறாம் பாக்கியவசனம் இருதய சுத்தத்தையும் கடவுள் தரிசனத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. தமிழ்க் கிறித்தவ ஆன்மிகத்தை ஆராய்வோரில் ஒரு சாரார் நெடுங்காலமாக இதை அகநோக்கின் வசனமாகவே படித்து வருகின்றனர். மனத்தைப் புலன்களின் இழுப்பிலிருந்து மீட்டு, மாசு களைந்து, உள்ளே திரும்பினால் கடவுள் அங்கே புலப்படுவார் என்பதும், பக்தி மரபும் நற்செய்தியும் சந்திக்கும் இடம் இதுவே என்பதும் அவர்கள் முடிவு. அது பாதி உண்மை. விடுபட்டுப்போன மறுபாதிக்குத் தமிழகத் திருச்சபை கொடுத்த விலை சிறியதன்று.

அகநோக்கு வாசிப்புக்குப் பழைய சான்றுகள் உண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸா நகரத்துக் கிரகோரியார் இவ்வசனத்துக்குத் தந்த விளக்கத்தில், உள்ளத்தின் அழுக்கு நீங்கினால் அங்கே கடவுளின் சாயல் தெரியும் என்கிறார். எகிப்தியப் பாலைநிலத் துறவிகளின் போதனைகளைத் தொகுத்த யோவான் காசியன், துறவியின் உடனடி இலக்கே இருதய சுத்தம் என்கிறார். ஆனால் இவர்கள் பேசியது எவரிடம்? காசியனின் கேட்பாளர்களுக்குத் தனிமையும் ஜெபமுமே வாழ்க்கை முறை. போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் போன்ற அடிவார ஊர்களின் நிலை வேறு. இந்தப் பக்கத்துக் கூலியாட்களில் பலர் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களில் களையெடுப்பும் காயெடுப்பும் முடித்து, பொழுது சாய்ந்து இறங்குபவர்கள். தரிசனத்துக்குத் தனிமை நிபந்தனை என்றால் இந்தப் பாக்கியம் அவர்களுக்கு இல்லை. இது சமூகவியல் வாதமே தவிர விவிலிய விளக்கம் ஆகாது என்பர். ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் மூலத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

மத்தேயுவின் வசனம் வெற்றிடத்தில் பிறக்கவில்லை. 24ஆம் சங்கீதம் ஆண்டவரின் மலையில் ஏறத் தகுந்தவர் யார், அவருடைய பரிசுத்த இடத்தில் நிற்கத் தகுந்தவர் யார் என்று கேட்கிறது. தூய கையும் தூய உள்ளமும் உடையவர், பொய்யை நாடாதவர், வஞ்சகமாக ஆணையிடாதவர் என்பதே அது தரும் விடை. இத்தகையோரே கடவுளின் முகத்தைத் தேடும் தலைமுறை என்று அந்தப் பகுதி முடிகிறது. அந்தச் சங்கீதத்தின் கிரேக்க மொழியாக்கத்தில் உள்ளத் தூய்மையைக் குறிக்கும் அதே தொடர்தான் மத்தேயுவிலும் வருகிறது. பழைய ஏற்பாட்டில் கடவுளின் முகத்துக்கு முன் வருவது என்பது பெரும்பாலும் ஆலயத்துக்குப் போவதே. ஆண்டுக்கு மூன்று முறை அப்படி வர வேண்டுமென யாத்திராகமம் கட்டளையிடுகிறது. ஆகவே, இருதய சுத்தமும் தரிசனமும் சேர்ந்து வரும் இடம் முதலில் தியானக் குடில் அல்ல, ஆலய வாசல். உள்ளே நுழையத் தகுதி யாருக்கு என்பதே அங்கே கேள்வி.

சங்கீதத்தில் கையும் உள்ளமும் இருக்க, மத்தேயு உள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டார். ஆகவே இயேசு புறத்தை விலக்கி அகத்தை மட்டுமே கேட்டார் என்று வாதிடுவோர் உண்டு. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். ஆனால் அதே அதிகாரத்தை இன்னும் பதினைந்து வசனம் தள்ளிப் படித்தால் போதும். பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்பவனுக்குத் தன் சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வருகிறது; காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகும்படி அவனுக்குச் சொல்லப்படுகிறது. கை கழுவாமல் உண்பது பற்றிய 15ஆம் அதிகாரத்துத் தர்க்கத்தில், உள்ளத்திலிருந்து புறப்பட்டு மனிதனைத் தீட்டுப்படுத்துவனவாக வரும் பட்டியலைப் பாருங்கள்: கொலை, விபசாரம், களவு, பொய்ச்சாட்சி. ஏறக்குறைய எல்லாமே அடுத்தவனுக்குச் செய்யும் கேடுகள். 23ஆம் அதிகாரத்தில் கிண்ணத்தின் உட்புறத்தை நிறைப்பது கொள்ளை. மத்தேயுவில் உள்ளத்தின் அழுக்கு என்பது மனத்துக்குள் ஓடும் சஞ்சலம் அன்று; பிறனுக்கு இழைக்கும் அநியாயத்தின் ஊற்று. சகோதர சங்கீதமாகிய 15ஆம் சங்கீதம், வட்டிக்குக் கொடாமையையும் லஞ்சம் வாங்காமையையுமே ஆலயத் தகுதியாகச் சேர்க்கிறது. முன்பணமும் வட்டியும் வாழ்க்கையைக் கட்டிப்போடும் எந்தத் தோட்டப்பகுதியிலும் இந்த அடிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

தரிசனம் மறுமைக்கு உரியது, இங்கே பேச்சில்லை என்ற ஆட்சேபம் நம்மை அதிக நேரம் நிறுத்த வேண்டியதில்லை. காண்பது எப்போது என்பதல்ல, காணத் தகுந்தவர் யார் என்பதே இங்கே கேள்வி. எபிரெயர் நிருபமும் (12:14) எல்லாரோடும் சமாதானத்தையும் பரிசுத்தத்தையும் சேர்த்தே தரிசனத்துக்கு முன் வைக்கிறது. காசியனேகூட இருதய சுத்தத்தை அன்பு என்றே விளக்கினார்; பின்வந்தோர் அவரில் பாதியை எடுத்துக்கொண்டனர்.

தமிழகத்தில் இந்தப் பாதி வாசிப்பு என்ன செய்தது? தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர்; தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் உள்ளுருக்கப் பக்திக்கு அவரை விடப் பெரிய கவிஞர் இல்லை. அவரே 1829இல், ஆராதனையிலும் திருவிருந்திலும் சாதி வேறுபாட்டை அகற்ற முனைந்த புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். சாதி உலகாசாரம், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதே அவர் தரப்பினரின் வாதம். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியை அறவே விட வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பியபோது, பலர் சபையை விட்டுப் பிரிந்தனர். இந்த நிலைப்பாடு மத்தேயு 5:8இலிருந்து நேரே பிறந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை. ஆனால் கடவுளுக்கு வேண்டியது உள்ளம் மட்டுமே என்று ஒருமுறை முடிவுகட்டிவிட்டால், பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பது பக்திக்கு வெளியே போய்விடுகிறது. பக்தியும் விலக்கும் ஒரே நெஞ்சில் முரணின்றிக் குடியிருக்க அந்த முடிவு வழிவிட்டது.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் இதே தர்க்கம் கட்டடமாகவே எழுந்தது. 1872இல் முடிந்த கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு நடுக்கூடங்கள், ஒன்றில் வேளாளர் தரப்பு, மற்றதில் நாடார் முதலியோர், இடையே தடுப்பு, இரண்டும் ஒரே பீடத்தில் கூடின. இரு கூட்டத்தாரும் பீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காண வேண்டியதில்லை. அகநோக்கு வாசிப்பின் அளவுகோலால் பார்த்தால் இந்தக் கட்டடத்தில் குறையே இல்லை, அவரவர் உள்ளம் தூயதாக இருந்தால் போதும். 24ஆம் சங்கீதத்தின் அளவுகோலால் அது வாசலிலேயே தோற்றுவிடுகிறது. 1910இல் தடுப்பு இடிக்கப்பட்டது. பிரிவினையை மீட்கக் கோரி ஆயர் பார்த்தே மீது தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

இறையியலாளர் ஏ. ஜே. அப்பாசாமியை (1891–1975) எதிர்த்தரப்பு தனக்குச் சாட்சியாக அழைக்கும். கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கிய அவருடைய 1927ஆம் ஆண்டு நூலும், மோட்சம் எது என்று ஆராய்ந்த 1931ஆம் ஆண்டு நூலும் யோவான் நற்செய்தியின் மேல் கட்டப்பட்டவை. ஆனால் இராமாநுசரை நாடிய அப்பாசாமி, கடவுளோடு ஒன்றுதலைச் சாரத்தின் ஒருமையாக அன்றி அன்பின், சித்தத்தின் ஒருமையாகவே கண்டார். அந்த அறப்பண்பைக் கழித்துவிட்டு அனுபவத்தை மட்டும் மேற்கோளாக்குவது அவருக்குச் செய்யும் நியாயமன்று. யோவானை மையமாக்கியதால் மத்தேயுவின் ஆலய வாசல் அவர் சட்டகத்தில் பின்னே போயிற்று என்ற குறை எனக்கு உண்டு. அதைத் தாண்டி அவரோடு எனக்குச் சண்டையில்லை.

அகநோக்கு வாசிப்பு, தான் ஏன் வடக்கன்குளத்துத் தடுப்பைக் கண்டிக்க இயலவில்லை என்பதற்கு இன்னும் விடை தரவில்லை. தரும்வரை அதை இவ்வசனத்தின் முழுப்பொருளாக ஏற்க முடியாது. அச்சேறிய நூல்களில் மட்டும் இந்த விவாதத்தை நடத்தியதும் போதும். போடி, தேவாரம், கம்பம் பகுதிச் சபைகளில் உபதேசிமார் இவ்வசனத்தை எப்படிப் பிரசங்கித்தனர் என்பதற்கான கையெழுத்துக் குறிப்புகள் வீடுகளிலும் ஆலய அலமாரிகளிலும் இருந்தால், செல்லரிக்குமுன் அவற்றைத் தேடிப் படியெடுக்குமாறு இத்துறை மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.